வெப்பத்துக்கு மானியம்: எரித்த அளவுக்கா, பொருத்திய கருவிக்கா?

தணல் எழுதியது:

விறகு, மரச்சில்லு, மரத்தூள் பெல்லட் ஆகியவற்றை எரிக்கும் கொதிகலன்களுக்கும், வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் வெப்பப் பம்புகளுக்கும் பிரித்தானிய அரசு தந்துவந்த ஊக்கத்தொகையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். சூரிய மின்தகடு, காற்றாலை ஆகியவற்றுக்கான மானியங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். குளிர்நாட்டில் ஒரு வீடு செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி அறைகளைச் சூடாக்கவும் வெந்நீருக்குமே போகிறது. ஆகவே வெப்பத்துக்கான மானியம் எப்படி வகுக்கப்படுகிறது என்பது மின்சார மானியத்துக்குக் குறைந்த கேள்வி அன்று.

2006 முதல் 2010 வரை நடைமுறையில் இருந்த குறைந்த கரிமக் கட்டடங்கள் திட்டம், கருவியைப் பொருத்துவதற்கு ஒரே தடவையாகப் பணம் கொடுத்தது. அதன் பின், 2008ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு 2011 நவம்பரில் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகைத் திட்டம் வேறு வழியை எடுத்துக்கொண்டது. பண்ணை, பள்ளி, விடுதி, தொழிற்கூடம் போன்ற இடங்களில் உண்டாகும் ஒவ்வொரு கிலோவாட்-மணி வெப்பத்துக்கும் இத்தனை பென்ஸ் என்று 20 ஆண்டுகளுக்குத் தருவதாக அரசு உறுதி சொன்னது. வீடுகளுக்கான பிரிவு 2014 ஏப்ரலில் வந்தது; அதில் 7 ஆண்டுகளுக்குப் பணம். இரண்டையும் நிர்வகித்தது ஆற்றல் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரித்த அளவுக்குப் பணம் தருவது தன்னளவில் தவறான வழி அன்று. வாங்கிய கருவியை மூலையில் போட்டுவிடாமல் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கடைசியாக எரிக்கும் ஒரு கிலோ பெல்லட்டுக்கு அரசு தரும் தொகை அந்தப் பெல்லட்டின் விலையைவிட அதிகமாக இருந்துவிட்டால், பிறகு எந்த அதிகாரியின் நேர்மையும் எந்தக் கண்காணிப்பும் அந்தத் திட்டத்தைக் காப்பாற்றாது. வட அயர்லாந்தில் நடந்ததை அறிந்தவர்கள் எழுதினால் பலருக்கும் பயன்படும்.

வடகரை எழுதியது:

நான் வட அயர்லாந்தில் வசிப்பவன். இங்கே இந்த விவகாரம் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது எப்படி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

2010இல் இங்கே வெப்பத் தேவையில் 1.7 விழுக்காடுதான் புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து கிடைத்தது. 2020க்குள் அதை 10 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள். இங்கே பெரும்பாலான வீடுகள் எண்ணெயை எரித்துச் சூடாக்கிக்கொள்பவை என்பதால் அந்த இலக்கில் நியாயம் இருந்தது. 2011 முதல் 2015 வரையிலான காலத்துக்கு லண்டன் கருவூலம் 2.5 கோடி பவுண்டு ஒதுக்கியது. தொழில், வணிக, முதலீட்டுத் துறை, அப்போது ஆர்லீன் ஃபாஸ்டர் அமைச்சராக இருந்த துறை, 2012 நவம்பரில் தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது.

பிரித்தானியத் திட்டத்தின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள், அதன் நடுநாயகமான படிநிலைக் கட்டணத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பிரித்தானியாவில், அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில், 200 கிலோவாட்டுக்குக் குறைந்த கொதிகலன் ஆண்டில் முதல் 1,314 மணி நேரத்துக்கு, அதாவது ஆண்டின் 15 விழுக்காட்டு நேரத்துக்கு, ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறக்குறைய 8 பென்ஸ் பெறும். அதற்கு மேல் ஏறக்குறைய 2 பென்ஸ்தான். இங்கே 20 முதல் 99 கிலோவாட் வரையிலான கொதிகலனுக்கு 5.9 பென்ஸ், ஆண்டு முழுவதும், எவ்வளவு எரித்தாலும். 100 கிலோவாட்டைத் தொட்டால் 1.5 பென்ஸாகக் குறைந்துவிடும். இதன் விளைவை யாரும் ஊகிக்கலாம். ஒரே பெரிய கொதிகலன் போதுமான இடத்தில் 99 கிலோவாட் கொதிகலன்களை வரிசையாகப் பொருத்தினார்கள். ஆண்டின் பெரும்பகுதியும் சூடு தேவைப்படும் கோழிப்பண்ணைகளில் இவை மிகுந்தன.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2012இலேயே ஆஃப்ஜெம், பிரித்தானிய விதிகளில் வரவிருந்த செலவுக் கட்டுப்பாட்டுத் திருத்தங்களுக்காகக் காத்திருப்பது நல்லது என்று துறையிடம் சொன்னது. 2013இல் வெப்பச் சிக்கனக் கருவிகளை விற்கும் ஒரு பெண் தொழில்முனைவோர், மக்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எரிக்கிறார்கள், சிக்கனத்தில் யாருக்கும் அக்கறை இல்லை என்று துறைக்குத் தெரிவித்தார். செலவைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு அதே ஆண்டு கலந்தாய்வுக்கும் வந்தது. துறையோ அதைத் தள்ளிவைத்துவிட்டு வீடுகளுக்கான பிரிவைத் தொடங்கும் வேலையை முன்னெடுத்தது.

2015 நவம்பரில் ஒருவழியாகப் படிநிலை கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே மாற்றம் வரப்போகிறது என்ற செய்தி பரவி, கடைசி மூன்று மாதங்களில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன; மொத்தக் கொதிகலன்களே இரண்டாயிரத்துக்குச் சற்று மேல்தான் என்பதை வைத்து இதன் அளவைப் பாருங்கள். 2016 பிப்ரவரி இறுதியில் புதியவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. அந்த ஜூலையில் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையும் டிசம்பரில் தொலைக்காட்சிப் புலனாய்வும் வந்தபின்தான், 20 ஆண்டுகளில் 49 கோடி பவுண்டு வரை கூடுதல் செலவாகலாம் என்ற கணிப்பு பொதுமக்கள் காதுக்கு எட்டியது. 2017 ஜனவரி 9 அன்று துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி விலகினார். அதிகாரப் பகிர்வு விதிப்படி ஒருவர் விலகினால் முதல் அமைச்சரும் நீடிக்க முடியாது. 2020 ஜனவரி வரை இங்கே அமைச்சரவையே இல்லை. அந்த மூன்று ஆண்டுகளுக்கு ஐரிஷ் மொழிச் சட்டம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தொடக்கப் பொறி இந்தக் கொதிகலன்களிலிருந்தே பறந்தது.

கணக்கர் எழுதியது:

வடகரை அவர்களுக்கு நன்றி. எண்களை மட்டும் சேர்க்கிறேன். திட்டத்தை வகுத்த ஆலோசகர்கள் சிறு கொதிகலன்களுக்கு எரிபொருள் செலவு கிலோவாட்-மணிக்கு 4.39 பென்ஸ் என்று கணித்திருந்தார்கள். மானியம் 5.9 பென்ஸ். ஒரு லட்சம் கிலோவாட்-மணிக்கு எரிபொருள் செலவு 4,390 பவுண்டு, மானியம் 5,900 பவுண்டு, மிச்சம் 1,510.

கொதிகலனில் வெப்பம் வீணாகும் பங்கைக் கழித்தால் இந்த மிச்சம் காணாமல் போய்விடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கழித்தே பார்ப்போம். கருவியின் திறன் 85 விழுக்காடு என்று கொண்டால் ஒரு லட்சம் கிலோவாட்-மணி வெப்பத்துக்கு 1,17,650 கிலோவாட்-மணி எரிபொருள் வேண்டும். அதன் விலை ஏறக்குறைய 5,165 பவுண்டு. அப்போதும் 735 பவுண்டு கையில் நிற்கிறது. ஆள் இல்லாத கொட்டகையைச் சூடாக்கினாலும் அந்த 735 வரும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. 2011ஆம் ஆண்டு அறிக்கையில் அதே ஆலோசகர்கள், மானியம் எரிபொருளின் கூடுதல் செலவைவிடக் குறைவாக இருப்பதால் படிநிலை தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். 2012இல் புதிய கட்டணங்களைக் கணித்தபோது அந்தக் கூற்றின் அடிப்படையே தலைகீழானது. இரு எண்களும் ஒரே அட்டவணையில் இருந்தன. துறையில் யாரும் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த அட்டவணையைப் படிக்கக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். பொருளியல் பட்டம் வேண்டியதில்லை.

தணல் எழுதியது:

கணக்கர் அவர்கள் சொன்னது விசாரணை அறிக்கையோடு ஒத்துப்போகிறது. நீதிபதி பேட்ரிக் காஃக்லின் தலைமையிலான பொது விசாரணை 2020 மார்ச் 13 அன்று 319 கண்டறிதல்களும் 44 பரிந்துரைகளும் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. அமைச்சர்கள், அதிகாரிகள், சிறப்பு ஆலோசகர்கள் ஆகியோரின் ஊழலோ தீய நோக்கமோ இந்தத் தோல்விக்குக் காரணம் அன்று என்றே அது முடிவு செய்தது; ஏற்கத்தகாத நடத்தை சில இடங்களில் இருந்ததையும் குறித்தது. சிறிய நிர்வாகம் ஒன்று தன் ஆற்றலுக்கு மீறிய திட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டது என்பதுதான் அதன் சாரம்.

இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. எனக்கோ அது கூடுதலாகக் கவலை தருகிறது. திருடன் ஒருவன் இருந்திருந்தால் அவனை நீக்கி வேலையைத் தொடரலாம். யாரும் திருடாமலேயே இது நடந்தது என்றால், அடுத்த திட்டத்திலும் நடக்கும்.

ஊசியிலை எழுதியது:

ஸ்காட்லாந்தில் மரச்சில்லு வழங்கும் தொழிலில் இருக்கிறேன். வட அயர்லாந்தின் கதை எங்கள் தொழில் முழுவதன் மீதும் கரி பூசிவிட்டதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்தானியத் திட்டத்தில் கட்டுப்பாடுகள் இருந்தன. அவை வேலையும் செய்தன. எதிர்பார்த்ததைவிட வேகமாக விண்ணப்பங்கள் வந்தால் புதிதாகச் சேர்பவர்களுக்கான கட்டணம் தானாகவே குறையும். வீடுகளுக்கான மரக் கொதிகலன் கட்டணம் 2014 ஏப்ரலில் 12.2 பென்ஸாகத் தொடங்கி, 2015 ஏப்ரலுக்குள் 8.93 பென்ஸாக இறங்கியது. வீட்டுப் பிரிவில் இன்னொரு காப்பும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அளவுமானி வைத்துக் கணக்கிடவில்லை. வீட்டின் ஆற்றல் சான்றிதழில் கணிக்கப்பட்ட வெப்பத் தேவைக்கே பணம். கூடுதலாக எரித்தால் உங்கள் பெல்லட்தான் தீரும், ஒரு பென்னி கூட அதிகம் வராது. 2017 செப்டம்பர் முதல் மரக் கொதிகலனுக்கு ஆண்டுக்கு 25,000 கிலோவாட்-மணி என்ற உச்சவரம்பும் வந்தது. விண்ணப்பிக்குமுன் கூரை உள்வெளிக்கும் இரட்டைச் சுவருக்கும் வெப்பக் காப்புப் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இந்த ஒழுங்குக்கு உட்பட்டவர்களை, எரித்துக் காசு பார்த்தவர்களோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

எரிபொருளுக்கும் விதி உண்டு. 2015 அக்டோபர் 5 முதல் மானியம் பெறும் கொதிகலனில் எரிக்கும் மரம், அங்கீகரிக்கப்பட்ட வழங்குநர் பட்டியலிலிருந்து வாங்கியதாக இருக்க வேண்டும். அல்லது சொந்தத் தோப்பின் மரம் என்று பதிவு செய்திருக்க வேண்டும். வெட்டுதல், உலர்த்துதல், சில்லாக்குதல், ஏற்றிச்செல்லுதல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 34.8 கிராம் கரியமில வாயுவுக்கு மேல் போகக்கூடாது.

மரத்தை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அந்த நிலையில் கிலோவுக்கு 2.3 கிலோவாட்-மணி அளவுக்கே வெப்பம் கிடைக்கும். ஈரம் 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் 4க்கு மேல். பெல்லட் என்றால் 4.8 வரை. ஓராண்டோ இரண்டாண்டோ காற்றோட்டமான கூரையின்கீழ் அடுக்கிவைத்தால் காற்றும் வெயிலும் இந்த வேலையைச் செலவின்றிச் செய்துகொடுக்கும். தொழிலில் கைப்பணத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் இந்தக் காத்திருப்புதான்.

கணக்கர் எழுதியது:

ஊசியிலை அவர்களே, காத்திருப்பைப் பற்றி நீங்கள் சொன்னதாலேயே கேட்கிறேன். மானியத்தோடு மரத்தை எரித்து, அந்தச் சூட்டில் இன்னொரு மரத்தை உலர்த்தி, அதை விற்கும் கூடங்கள் பிரித்தானியாவிலும் பெருகின அல்லவா? காற்று இலவசமாகச் செய்யும் வேலைக்கு 20 ஆண்டுகள் அரசுப் பணம் போனது.

ஊசியிலை எழுதியது:

உண்மைதான். அது நடந்தது, நேர்மையாகக் காற்றில் உலர்த்தி விற்றவர்களுக்கு அது பெரும் பாதிப்பாகவும் இருந்தது. 2018 மே மாதத்தில் விதியைத் திருத்தி, எண்ணெய் அல்லது எரிவாயுவில் ஏற்கெனவே இயங்கிய உலர்த்தும் கூடம் மாறினாலொழிய விறகு உலர்த்தலுக்குப் பணம் இல்லை என்று ஆக்கினார்கள். தனியார் நீச்சல் குளங்களைச் சூடாக்குவதையும் அப்போதே நீக்கினார்கள். ஏழு ஆண்டுகள் தாமதம் என்பதை மறுக்கமாட்டேன். எந்த வெப்பம் ஏற்கெனவே தேவைப்பட்டது, எது பணத்துக்காகவே தேவையாக்கப்பட்டது என்பதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நீலாம்பரி எழுதியது:

இதுவரை யாரும் புகையைப் பற்றிப் பேசவில்லை. என் மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் எனக்கு இது பவுண்டு, பென்ஸ் கணக்கு மட்டும் அன்று. நுண்துகள்களை வெளியிடும் ஒன்றுக்குப் பொதுப்பணத்தைத் தருவது எந்த வகையில் சுற்றுச்சூழல் கொள்கை ஆகும்?

ஊசியிலை எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. பிரித்தானியாவில் 2013 செப்டம்பர் முதல் மானியம் பெற விரும்பும் மரக் கொதிகலன், ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு 30 கிராம் துகள், 150 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்ற வரம்புக்குள் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். தானியங்கிப் பெல்லட் கொதிகலன் காற்றின் அளவைத் தானே சரிசெய்துகொண்டு எரிப்பதால், வரவேற்பறையில் ஈர விறகைப் புகையவிடும் அடுப்பை அதனோடு ஒப்பிட முடியாது. அந்த அடுப்புகளுக்கு இந்தத் திட்டத்தில் பணம் தரப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டமும் வந்திருக்கிறது.

ஆயினும் 30 கிராம் என்பது சுழியம் அன்று. நெருக்கமான நகரத் தெருவில் மரக் கொதிகலனுக்கு மானியம் தரக்கூடாது என்பதே என் கருத்தும். இதை என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன். மரம் வளரும் இடத்துக்கு அருகில், எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்ப்புறத்தில்தான் அதற்கு இடம் உண்டு.

வடகரை எழுதியது:

நான் முதலில் எழுதியதைப் படித்தவர்கள் இங்குள்ள விவசாயிகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. கதையின் இரண்டாம் பாதி பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை.

அரசு 20 ஆண்டுகளுக்கு உறுதி தந்தது. அந்த உறுதியைக் காட்டித்தான் வங்கிகள் கடன் கொடுத்தன. 2017 ஏப்ரலில், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் படிநிலையும் உச்சவரம்பும் பின்னோக்கிப் பொருத்தப்பட்டன. அதை எதிர்த்துச் சென்ற வழக்கு அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது. 2019இல் அடுத்த வெட்டு விழுந்தது. ஆண்டுக்கு 13,000 பவுண்டு பெற்றுவந்த வழக்கமான ஒரு கொதிகலனுக்கு 2,000 பவுண்டு அளவுக்கே மிஞ்சியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிப்படி முதலீட்டுக்கு 12 விழுக்காட்டு வருவாய்க்கு மேல் தரமுடியாது என்று துறை காரணம் சொன்னது. சட்டமன்றம் முடங்கியிருந்ததால் இந்தச் சட்டம் லண்டனிலேயே நிறைவேறியது. உள்ளூர் உறுப்பினர் ஒருவர்கூட எங்கள் சட்டமன்றம் கூடும் ஸ்டோர்மொன்ட்டில் எழுந்து பேச இடமில்லை.

எங்கள் பகுதியில் உண்மையாகவே எண்ணெயிலிருந்து மாறிய பண்ணைக்காரர்களை அறிவேன். விதியில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். கட்டணத்தை அவர்கள் நிர்ணயிக்கவில்லை. சிலர் மீண்டும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் போய்விட்டார்கள். கரிமத்தைக் குறைக்கத் தொடங்கிய திட்டம் இறுதியில் அவர்களை அங்கேயே கொண்டுபோய்விட்டது.

கணக்கர் எழுதியது:

வடகரை அவர்களின் வேதனை புரிகிறது, ஆனால் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். மிகுதியாகக் கொடுக்கப்பட்டுவிட்டதை 20 ஆண்டுகளுக்கும் தொடர வேண்டும் என்றால், அந்தப் பணம் வட அயர்லாந்தின் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்குமான தொகுப்பு நிதியிலிருந்தே போகும். ஒதுக்கீட்டை மீறினால் கருவூலம் பொறுப்பேற்காது என்ற எச்சரிக்கை 2011இலேயே வந்திருந்தது. ஆகவே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தவிர்க்க முடியாதது.

2019ஆம் ஆண்டு வெட்டைப் பற்றி உங்களோடு உடன்படுகிறேன். ஐரிஷ் கடலுக்கு அப்பால், பிரித்தானியாவில், அதே கொதிகலனுக்கு அதைவிடப் பலமடங்கு கிடைத்துக்கொண்டிருந்தது. கூடுதலாகக் கொடுத்த தவற்றைச் சரிசெய்ய, குறைவாகக் கொடுக்கும் தவற்றைச் செய்தார்கள். இரண்டிலும் இழந்தது அரசின் சொல் மீதான நம்பிக்கை. நாளை வெப்பப் பம்புக்கு எந்த உறுதி தந்தாலும் ஒரு வட அயர்லாந்து விவசாயி அதை நம்பிக் கடன் வாங்கமாட்டார்.

தணல் எழுதியது:

எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே பின்னர் வந்த வெப்ப ஆதரவுத் திட்டமும் எரித்த அளவுக்கே பணம் தருகிறது, 15 ஆண்டுகளுக்கு. ஆனால் வெப்பம் கூடக்கூடக் கட்டணம் படிப்படியாகக் குறைகிறது. முதலில் ஆற்றல் சிக்கனத்தை நிரூபிக்க வேண்டும். எரித்த அளவுக்குத் தருவது தன்னளவில் தவறன்று என்று நான் சொன்னதற்கு இதுவே என் சான்று.

பிரித்தானியா அந்த வழியையே விட்டுவிட்டது. தொழில் பிரிவு 2021 மார்ச்சிலும் வீட்டுப் பிரிவு 2022 மார்ச்சிலும் புதியவர்களுக்கு மூடப்பட்டன. மூடியதற்குக் காரணம் வட அயர்லாந்தைப் போன்ற மிகைச் செலவு அன்று. 2018 பிப்ரவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னபடி, தொடக்கத்தில் 5,13,000 கருவிகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 1,11,000தான் வரும் என்ற நிலை. காரணம் எளிது. ஏழு ஆண்டுகளில் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக முதல் நாளே பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் எடுத்துவைக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? நடுத்தரக் குடும்பத்தால் முடியாது. கையில் சேமிப்பு உள்ளவருக்கே எட்டிய மானியம் அது. ஒதுக்கீட்டை மீறவில்லை என்பதற்காக அதை வெற்றி என்று சொல்லமாட்டேன்.

புதுமனை எழுதியது:

வேல்ஸில் எரிவாயு இணைப்பு இல்லாத கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். இப்போது எண்ணெய்க் கொதிகலன். ஆண்டுத் தேவை ஏறக்குறைய 20,000 கிலோவாட்-மணி என்று சான்றிதழ் சொல்கிறது. இப்போதுள்ள உதவியில் பெல்லட் கொதிகலன் வைப்பது பொருத்தமா, வெப்பப் பம்பா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி உடையவர்களாக இருப்போம்.

ஊசியிலை எழுதியது:

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2022இல் தொடங்கிய கொதிகலன் மாற்றத் திட்டம் ஒரே தடவை தரும் மானியம். வெப்பப் பம்புக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு. மரக் கொதிகலனுக்கு 5,000 பவுண்டு, அதுவும் ஊர்ப்புறத்தில் எரிவாயு இணைப்பு இல்லாத வீட்டுக்கு மட்டும். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை; பொருத்துபவரே விண்ணப்பித்து, உங்கள் விலைப்பட்டியலில் கழித்துக்கொள்வார். 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை பொருத்தும் வேலைக்கு மதிப்புக்கூட்டு வரியும் இல்லை.

முதலில் வெப்பப் பம்பைப் பரிசீலியுங்கள் என்றே சொல்வேன். ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தரும் கருவி அது. சுவர்களுக்குக் காப்பு இட்டு, அறைகளைச் சூடாக்கும் வெப்பப் பலகைகளை (ரேடியேட்டர்) பெரிதாக்க முடிந்தால் கல்வீட்டிலும் நன்றாக இயங்கும். தடித்த கற்சுவருக்குக் காப்பு இட வழியில்லை, கட்டடப் பாதுகாப்பு விதி தடுக்கிறது, அல்லது கிராமத்து மின்கம்பி அந்தச் சுமையைத் தாங்காது என்றால், அப்போது பெல்லட்.

பெல்லட்டைத் தேர்ந்தால் உங்கள் தேவைக்கு, 85 விழுக்காட்டுத் திறனில், ஆண்டுக்கு ஏறக்குறைய 5 டன் வேண்டும். அதற்கு ஏழரைக் கனமீட்டர் இடம். ஈரம் 10 விழுக்காட்டுக்கு மேல் போகாத தரச்சான்றுள்ள பெல்லட்டையே வாங்குங்கள். ஊதி நிரப்பும் லாரி சேமிப்பறைக்கு அருகில் வர வழி இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். பல வீடுகளில் திட்டம் இதில்தான் முறிகிறது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். மூடிய அறையில் குவித்துவைத்த பெல்லட், எரியாமலேயே கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு மணமில்லை, ஐரோப்பாவில் சேமிப்பறைக்குள் இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அறைக்கு நிலையான காற்றோட்டம் வையுங்கள், வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள், குழந்தைகள் திறக்க முடியாத பூட்டுப் போடுங்கள். கொதிகலனை நிறுத்திக் காற்றோட்டம் செய்து, வாயுமானியால் சோதித்தபின், வெளியில் ஒருவர் நிற்க, பயிற்சி பெற்றவர் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். பொருத்துபவர் இதைத் தானாக எடுத்துச் சொல்லவில்லை என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள்.